ஓரத்தில் ஒரு முழங்கை

உ

ஹூஸ்டன்
30.3.2025

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. செல்வமணி அவர்களுக்கு, பெத்துராஜ் வணக்கத்துடன் எழுதுவது.

நானும் மாரிசெல்வியும் சுகமாக வந்து சேர்ந்தோம். உங்கள் மகள் ஜெஸ்லினும் என் மகன் லிங்கேஷும் நன்றாக இருக்கிறார்கள். உங்கள் வீட்டு நலத்தை ஜெஸ்லின் தினமும் போனில் கேட்டு எங்களுக்குச் சொல்லிவிடுவதால், அதைத் திரும்ப விசாரித்துத் தாளை வீணாக்கவில்லை.

நாம் பேசி இரண்டு வருடம் ஆகிறது. பேசுவதில்லை என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். எழுதுவதில்லை என்று சொல்லவில்லை. வாட்ஸப் என்பது பேச்சில் சேருமா எழுத்தில் சேருமா என்று எனக்குத் தெளிவில்லை. மேலும் அதில் நீலக் குறி விழுந்துவிட்டால் நீங்கள் படித்ததை ஒப்புக்கொண்டதாக ஆகும். அந்தச் சங்கடத்தை உங்களுக்குத் தர விரும்பாமல் தாளில் எழுதுகிறேன். ஜெஸ்லின் இதைப் படம் பிடித்து, நம் பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாஜிலாவுக்கு அனுப்புவாள். பாஜிலா அச்செடுத்து உங்கள் பாத்திரக்கடையில் கொண்டுவந்து தருவாள்.

எழுதக் காரணம் உங்கள் மகள். நேற்று சாப்பிடும்போது, "மாமா, மே மாசம் நீங்க திரும்பும்போது நாங்களும் கூட வரலாம்னு இருக்கோம். ஆனா போன தடவை மாதிரி ரெண்டு வீட்லயும் ஆளுக்கொரு சமையல் பண்ணி, தினமும் ரெண்டு மத்தியானச் சாப்பாடு எங்களால சாப்பிட முடியாது. நீங்களும் அப்பாவும் பேசிட்டா வாரோம். இல்லன்னா இங்கனயே இருந்துக்கிடுதோம்" என்றாள். லிங்கேஷ் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினான். இந்த விஷயத்தில் அவன் என்னைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டான்.

நமக்குள் நடந்தது இவ்வளவுதான். கல்யாண குரூப் போட்டோவில் உங்கள் முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி என் ஜவுளிக்கடையில் மாட்டியிருக்கிறேன். அன்றைக்கு எடுத்த அத்தனை படங்களில் மாரிசெல்வி கண்ணைத் திறந்திருப்பது அது ஒன்றில்தான். ஒரு குடும்பஸ்தராக நீங்கள் இதைப் புரிந்துகொண்டிருக்கலாம்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை எங்களை ஒரு திருவிழாவுக்குக் கூட்டிப்போகிறார்கள். ரினைசன்ஸ் ஃபேர் என்று பெயர். சாமி கிடையாது. ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பாக்காரர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு ஒரு மைதானத்தில் நாள் முழுக்க நடப்பார்களாம். அதற்கு டிக்கெட்டும் உண்டு. எனக்கு ராஜா வேஷம் என்று என்னைக் கேட்காமலே முடிவாகியிருக்கிறது. கவசம் போட்டவர்கள் குதிரையில் வந்து ஒருவரையொருவர் குத்துவார்களாம். கவசம் உங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்டது. ஏதாவது தெரிய வேண்டுமென்றால் எழுதவும்.

மற்றவை நேரில்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி
இரா. பெத்துராஜ்

---

சங்கரன்கோவில்
5.4.2025

சம்பந்தி அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். கடிதம் வந்தது. படிக்காமல்தான் அச்செடுத்ததாகப் பாஜிலா சொன்னாள். "முழங்கையப் பத்தி எழுதியிருக்காக அண்ணாச்சி" என்றும் சொன்னாள்.

முதலில் ஒரு திருத்தம். கடைசியில் 'மற்றவை நேரில்' என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் நேரில் பேசுவதில்லை. ஆகையால் நேரில் மற்றவை என்று எதுவும் இருக்க முடியாது. பழக்கத்தில் கை எழுதியிருக்கும். பாஜிலாவிடம் பேனா வாங்கி அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாவது, நடந்தது அவ்வளவுதான் அல்ல. ரிசப்ஷன் மேடைக்கு இரண்டு செக்யூரிட்டிகளை மதுரையிலிருந்து வரவழைத்தது நீங்கள். கறுப்புச் சட்டை. கூட்டம் முண்டியடிக்கும் என்றீர்கள். போட்டோக்கார வாசிம் "ஃபேமிலி மட்டும் நில்லுங்க" என்று கூப்பிட்டபோது நான் பந்தியில் ரசம் வராதவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தேன். தோளில் துண்டோடு அப்படியே ஓடி வந்தேன். படியில் ஒருவன் கையைக் குறுக்கே நீட்டி, "சமையல் ஆளுகல்லாம் அப்புறம்" என்றான். "ஏலே, நான் பொண்ணுக்கு அப்பன்" என்று சொல்லி முடிப்பதற்குள் வாசிம் எடுத்துவிட்டான். அதில் விழுந்ததுதான் முழங்கை. கையில் நீங்கள் நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட வாட்ச் பளிச்சென்று தெரிகிறது. என்னுடையது அல்ல என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

அதையும் பொறுத்தேன். ஒன்று முழங்கையை எடுத்துவிடுங்கள், இல்லை மீதியைச் சேருங்கள் என்றுதான் கேட்டேன். நீங்கள் வாசிமிடம் சொல்லி, வேறொரு படத்திலிருந்து என்னை முழுசாக வெட்டி ஒட்ட வைத்தீர்கள். அவன் பழைய முழங்கையை எடுக்க மறந்துவிட்டான். மூன்று கையோடு உங்கள் கடையில் நின்றேன். சேலை எடுக்க வந்தவர்கள் பக்கத்திலேயே என் கடை இருப்பதால் எட்டிப் பார்த்து என் கையை எண்ணிவிட்டுப் போனார்கள். பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்தது. பிறகு அதைக் கழற்றிவிட்டு, முழங்கை மட்டும் இருக்கும் பழைய படத்தையே மாட்டினீர்கள். மாரிசெல்வி மதினியின் கண் முக்கியம்தான். நான் மறுக்கவில்லை.

உங்கள் கடைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. முப்பது வருடமாக நம்மில் யார் ஊருக்குப் போனாலும் சாவி பக்கத்துக் கடையில். பேச்சு நின்றதற்காக அதையெல்லாம் மாற்ற முடியாது. காலையில் உங்கள் கணக்கப்பிள்ளை மூக்காண்டி வந்து வாங்கிப் போகிறார். நான் உள்ளே போவதில்லை. அந்தப் போட்டோ இருக்கும்வரை போவதாகவும் இல்லை. வாசலிலிருந்து பார்த்தவரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. போன வாரம் பெய்த கோடை மழையில் சேலை அடுக்குக்கு மேலே ஒழுகியது. ஒரு அண்டா கொடுத்தனுப்பினேன். அது இரவல்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் எதையாவது விட வேண்டும் என்று எங்கள் சபை ஐயர் பிரசங்கத்தில் சொன்னார். நான் கறியை விட்டிருக்கிறேன். கோபத்தை விடலாமே என்று ஜெஸ்லின் அம்மா கேட்டாள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் விட முடியும்.

கவசத்தைத் தட்டிப் பார்த்து, தகட்டின் கனம் என்ன கேஜ் என்று எழுதவும். இது தொழில் கேள்வி. சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மற்றவை இல்லை.

செல்வமணி

---

உ

ஹூஸ்டன்
13.4.2025

பிரியமுள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கவசத்தைத் தட்டிப் பார்த்தேன். ஒரு வீரர் எலுமிச்சைச் சாறு வாங்க வரிசையில் நின்றபோது முதுகில் தட்டினேன். உங்கள் கடையில் இட்லிக் கொப்பரை மூடியைத் தட்டினால் வரும் அதே சத்தம். இருபத்திரண்டு கேஜ் இருக்கும். சாம்பாருக்குத் தாங்கும், சண்டைக்குத் தாங்காது. அவர் திரும்பிப் பார்த்தார். நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். சாறு நம் புளியங்குடி எலுமிச்சைக்குக் கால் தூசி பெறாது.

என் உடையை வெல்வெட் என்று சொல்லி லிங்கேஷ் வாடகைக்கு எடுத்திருந்தான். தொட்டதுமே பாலியெஸ்டர் என்று தெரிந்துவிட்டது. முதுகில் ஜிப். ராஜாவுக்கு முதுகில் ஜிப் வைத்தவன் ராஜாவையும் பார்த்ததில்லை, தையலும் படித்ததில்லை. வெயில் நம் ஊர்ப் பங்குனிக்குக் குறைவில்லை. கிரீடத்துக்குள்ளிருந்து வேர்வை ஒழுக நடந்தேன். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் ராஜா. குடிமக்களுக்குத்தான் தட்டுப்பாடு.

மாரிசெல்வி கவுன் போட மாட்டேன் என்று நம் கடைக் காட்டன் சேலையிலேயே வந்தாள். அவளோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. எந்த நாட்டு ராணி என்று லிங்கேஷிடம் கேட்டார்கள். "தெற்கு ரதவீதின்னு சொல்லுல" என்றாள். நான் கிரீடத்தோடு பக்கத்தில் நின்றேன். என்னைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருக்கிறாள்.

வாசலில் சோதனை பலமாக இருந்தது. வாள், கோடாலி, ஈட்டி எதையும் கொண்டுவரலாம். உறையிலிருந்து உருவ முடியாதபடி செக்யூரிட்டி ஒரு பிளாஸ்டிக் நாடாவைப் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். நம் பக்கம் பஸ்ஸில் ஒரு அருவாள் போனால் மறுநாள் பேப்பரில் வருகிறது. இங்கே ஆயிரம் வாளை நாடாவை நம்பி உள்ளே விடுகிறார்கள். என் வாள் பிளாஸ்டிக். அதையும் கட்டினார்கள். பிறகு என் உடம்பில் ஒரு கருவியை ஓட்டியதும் அது இடுப்பருகே கத்தியது. வெள்ளி அரைஞாண். இது என்ன, எதற்கு என்று கேட்டார்கள். லிங்கேஷ் ஆங்கிலத்தில் நிறைய விளக்கினான். அது எதற்கு என்று எனக்கே அன்றைக்குத்தான் யோசனை வந்தது.

இனி நடந்ததை நான் சொல்லாவிட்டாலும் உங்கள் மகள் சொல்லிவிடுவாள். நானே சொல்லிவிடுகிறேன்.

மத்தியானம் அந்தத் திருவிழாவின் நிஜமான ராஜா ஊர்வலம் வந்தார். நிஜமான ராஜா என்றால் விழாக்காரர்கள் நியமித்த ராஜா. மற்ற நாட்களில் பல் டாக்டராம். இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஜனங்களை நிறுத்தியிருந்தார்கள். எல்லாரும் குனிந்து வணங்கினார்கள். பெரிய மனிதரை வெறுங்கையோடு பார்ப்பது எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். நம் வியாபாரிகள் சங்கத்தில் எத்தனை பேருக்குப் போர்த்தியிருக்கிறோம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பொன்னாடை கொண்டுபோயிருந்தேன். ராஜா நேராக வந்ததும் கயிற்றுக்குக் கீழே குனிந்து போய், பொன்னாடையை விரித்து அவர் தோளில் போர்த்தி, முறைப்படி காமிரா பக்கம் திரும்பி நின்றேன். போட்டோ எடுக்கும்வரை ஒரு முனையை விடக் கூடாது அல்லவா, நான் விடவில்லை.

கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் என் மார்புக்குக் குறுக்கே கையைப் போட்டார். பின்னாலிருந்து இன்னொருவர் ஜிப்பைப் பிடித்தார். ராஜாவின் மெய்க்காவலர் வேஷம் போட்டவர்கள் என்று நினைத்துச் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. வேஷம் போடாத செக்யூரிட்டி. என்னைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இழுத்துவந்து, லிங்கேஷ் வரும்வரை ஒரு பீப்பாயின் மேல் உட்கார வைத்தார்கள். கிரீடத்தோடு.

நான் எதையும் எதோடும் ஒப்பிட்டுச் சொல்லவில்லை. கை குறுக்கே வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

ராஜா நல்ல மனிதர். பிற்பாடு ஆள் அனுப்பி நன்றி சொன்னார். மேஜைவிரிப்பு மிகவும் அழகு என்றாராம்.

விழாக்காரர்கள் எடுத்த படம் இன்று அவர்கள் இணையப் பக்கத்தில் வந்திருக்கிறது. ராஜா இருக்கிறார். பொன்னாடையின் ஜரிகை நன்றாக விழுந்திருக்கிறது. நான் இல்லை. இடது ஓரத்தில் ஒரு பாலியெஸ்டர் முழங்கை இருக்கிறது. ஜெஸ்லின் அதைப் பார்த்துவிட்டு எதையோ எடுக்கப் போவதுபோல அடுக்களைக்குள் போனாள். கொஞ்ச நேரம் வரவில்லை.

மற்றவை என்று எதுவும் எழுதவில்லை. எழுதினால் அடிப்பீர்கள்.

பெத்துராஜ்

---

சங்கரன்கோவில்
16.4.2025

சம்பந்தி அவர்களுக்கு,

இந்த முறை பாஜிலா படிக்கவில்லை என்று சொல்லவில்லை. தாளைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

அந்தப் பீப்பாயின் மேல் எவ்வளவு நேரம் உட்கார வைத்தார்கள்? நிழலா, வெயிலா? தண்ணீர் கொடுத்தார்களா? காலையில் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டுதான் போனீர்களா, அல்லது ராஜாவுக்கு எதற்கு மாத்திரை என்று விட்டுவிட்டீர்களா? எழுத வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு ஜிப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

பிடித்தவர்கள் பெயர் என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ளவும். கேட்டு நான் ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆனாலும் கேட்டு வைக்கவும்.

போட்டோவை அனுப்பவும். சிரிக்க மாட்டேன். இது பரிசுத்த வாரம்.

செல்வமணி

---

உ

ஹூஸ்டன்
19.4.2025

அன்புள்ள செல்வமணி அண்ணாச்சிக்கு,

நிழல்தான். தண்ணீர் கொடுத்தார்கள். மாத்திரை போட்டிருந்தேன். பெயர் கேட்கவில்லை, அவர்கள் என் பெயரைக் கேட்டதற்கே லிங்கேஷ் எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது.

போட்டோவை இதோடு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தபோது இதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. மாரிசெல்வியிடம் சொன்னால் சிரிப்பாள், சொல்லாமலே சிரித்தாள். லிங்கேஷுக்கு நாலு பேர் பார்க்கிறார்களே என்று வெட்கம். கடையில் இருந்திருந்தால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நேரே உங்கள் கடைக்கு வந்து, அந்த அலுமினிய ஸ்டூலில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா" என்று ஆரம்பித்திருப்பேன். நீங்கள் பில் போட்டுக்கொண்டே கேட்பீர்கள். கேட்காத மாதிரி இருந்துவிட்டு, வாடிக்கையாளர் போன பிறகு ஒரு வார்த்தை சொல்வீர்கள். இரண்டு வருடத்தில் அப்படிச் சொல்ல எத்தனையோ சேர்ந்து கிடக்கிறது. சம்பந்தி ஆகாமலே இருந்திருக்கலாம் என்று சில சமயம் தோன்றும். பிறகு ஜெஸ்லினைப் பார்த்தால் அப்படித் தோன்றியதற்கு வெட்கமாக இருக்கும். என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். மாத்திரை வேளைக்கு மட்டும் "ஏ அப்பா" என்கிறாள்.

மூக்காண்டிக்குப் போன் செய்துவிட்டேன். கடையில் இருக்கும் அந்தக் கல்யாணப் போட்டோவைத் திங்கட்கிழமை கழற்றிவிடுவார். மாரிசெல்வியிடமும் சொல்லிவிட்டேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை நின்றால் போயிற்று என்றாள். உங்கள் முழங்கை இனி உங்களிடமே இருக்கும். பிள்ளைகள் வந்தாலும் வராவிட்டாலும் அது அப்படியே.

நாளைக்கு ஈஸ்டர். ஜெஸ்லின் கேக்குக்கு எல்லாம் வாங்கி வைத்திருக்கிறாள். உங்கள் வீட்டார் அனைவருக்கும் எங்கள் வாழ்த்து.

அன்புடன்
பெத்துராஜ்

---

சங்கரன்கோவில்
22.4.2025

ஏ பெத்துராஜ்,

சம்பந்தி என்று எழுத ஆரம்பித்தேன். கை வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதேயும் வே.

பரிசுத்த வாரம் முடியும்வரை உம் போட்டோவை நான் பார்க்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. ஈஸ்டர் ஆராதனை முடிந்து வந்து பார்த்தேன். ஜெஸ்லின் அம்மா பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

நேற்று காலை மூக்காண்டி சாவி வாங்க வந்து, போட்டோவைக் கழற்றச் சொல்லி உத்தரவு என்றார். சாவியை நான் கொடுக்கவில்லை. மாரிசெல்வி மதினி கண்ணைத் திறந்திருக்கிற ஒரே படம். அதைக் கழற்றினால் நாளைக்கு மதினிக்கு யார் பதில் சொல்வது? நானே போய்த் திறந்தேன். இரண்டு வருடம் கழித்து உம் கடைக்குள்ளே கால் வைத்தேன். முதலில் அண்டாவைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

பிறகு போட்டோவுக்கு நேராக நின்று பார்த்தேன். ஒன்று சொல்லுதேன், கேளும். அந்தப் படத்தில் என் முழங்கையைத் தவிர வேறெதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. வாசிம் முதன்முதலில் காட்டியபோதும் அதைத்தான் பார்த்தேன். மூன்று கை இருந்தபோது கையைத்தான் எண்ணினேன். நேற்றுதான் மற்றவர்களைப் பார்த்தேன். பிள்ளைகள் காமிராவைப் பார்க்கிறார்கள். மதினி, ஜெஸ்லின் அம்மா, உம் அண்ணன் குடும்பம் எல்லாரும் காமிராவைப் பார்க்கிறார்கள். நீர் மட்டும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி என் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர். வலது கை பாதி தூக்கியிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. என்னைத் தடுத்த செக்யூரிட்டியிடம் என்னமோ சொல்ல வந்திருக்கிறீர்.

இதை ஏன் வே ஒரு நாள்கூடச் சொல்லவில்லை? நான் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு. சொல்லியிருக்கலாம்.

உம் ராஜா போட்டோவை வாசிமிடம் கொடுத்து அதே அளவில் பெரிதாக்கச் சொன்னேன். எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது என்று சொல்லி, முடியும்வரை அங்கேயே நின்று வாங்கி வந்தேன். கல்யாணப் போட்டோவுக்கு வலது பக்கம் மாட்டியாயிற்று. அதில் என் முழங்கை வலது ஓரம். இதில் உம் முழங்கை இடது ஓரம். நடுவே ஒரு சாண் சுவர்தான். எட்ட நின்று பார்த்தால், யாரோ ஒரு ஆள் சுவருக்குள்ளே நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கையை நீட்டுகிற மாதிரி இருக்கிறது. இன்றைக்கு சேலை எடுக்க வந்த ஒரு அம்மாள், "யாருங்க இது, ஒரு கைல வாட்ச், ஒரு கைல வெல்வெட்டு?" என்று கேட்டாள். "எங்க அண்ணாச்சிமாரு ரெண்டு பேரும்" என்றார் மூக்காண்டி. வெல்வெட் இல்லை, பாலியெஸ்டர் என்று நான் திருத்தினேன். நீர் இருந்தால் திருத்தியிருப்பீர்.

பிள்ளைகளிடம் சொல்லும். மதியச் சாப்பாடு ஒன்றுதான். எந்த வீட்டில் என்பதை நாம் இருவரும் சண்டை போட்டு முடிவு செய்வோம்.

மே பதினேழு சென்னையில் இறங்குவீர்கள் என்று பாஜிலா சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. நானும் சென்னைக்கு வாரேன். பொதிகையில் எல்லாருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. மதினிக்கு அடுத்த பெட்டியில் கீழ்ப் படுக்கை, பிள்ளைகளுக்கு மேலே. உமக்கும் எனக்கும் எதிரெதிரே. ராத்திரி முழுக்க எதிரே உட்கார்ந்துகொண்டு ஒருவருக்கொருவர் எழுதிக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. ஓடுகிற ரயிலில் என் கையெழுத்து உமக்குப் புரியாது. அந்தப் பீப்பாய்க் கதையை முதலிலிருந்து சொல்லும். நான் பில் போட வேண்டியதில்லை.

உம் முதல் கடிதத்தில் நான் அடித்த வரியை இங்கே திரும்ப எழுதுகிறேன்.

மற்றவை நேரில்.

செல்வமணி